கோவில்பட்டிக்கு ஒரு இரும்பு நாற்காலி

காலைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கிடுங்க தம்பி. நாற்காலிக்காகச் சொல்லல, உங்க பேண்ட்டுக்காகத்தான் சொல்லுதேன். பெயிண்ட் நல்லாக் காஞ்சிருச்சு, முந்தாநாளு அடிச்சது. இருந்தாலும் வெள்ளை பாருங்க, என்னதான் காஞ்சாலும் மேலாப்புல லேசா ஒரு பிசுக்கு நிக்கும். போர்வையைச் சுத்தித்தான் வச்சிருக்கேன். அந்த ஒரு கால் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு.

கண்டக்டர் ஏத்த மாட்டேன்னுதான் நின்னாரு. லக்கேஜ் டிக்கெட் போடுங்கன்னேன். எங்க கொண்டு போறீங்கன்னாரு. கோவில்பட்டிக்கு, அங்க மக வீட்டுல என் வீட்டம்மா இருக்கா, ஊருக்குக் கூட்டிட்டு வரப் போறேன்னேன். கூட்டிட்டு வரப் போறவரு எதுக்கு நாற்காலியைத் தூக்கிட்டுப் போறீங்கன்னு சிரிக்காரு. உங்களுக்கும் அதே குழப்பம்தான், மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. சொல்லுதேன் கேளுங்க. இப்பத்தான தூத்துக்குடியை விட்டே கிளம்பியிருக்கோம்.

என் பேரு கஸ்பார். முப்பத்தோரு வருசம் சரக்குக் கப்பல்ல இருந்தேன். கப்பல்னா உலகம் சுத்துனேன்னு நினைச்சுக்கிடாதீங்க. எனக்குத் தெரிஞ்ச உலகம் துருதான். விடிஞ்சா சுத்தியலை எடுத்துக் கொத்தணும், கம்பி பிரஷ்ஷைப் போட்டுத் தேய்க்கணும், துரு பிடிக்காம ரெட் ஆக்சைடு பூசணும், அது காஞ்சதும் மேல ரெண்டு கோட்டு பெயிண்ட். கப்பலோட மூக்குல ஆரம்பிச்சு வால்ல போய் முடிப்போம். முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தா மூக்குல மறுபடி துரு பூத்திருக்கும். சரின்னு திரும்ப அங்க போவோம். இதுல எனக்கு ஒரு நாளும் சலிப்பு வந்ததில்ல. சில பேருக்கு அழுகையே வந்துரும்.

மெட்டில்டாவுக்கு, அதான் என் வீட்டம்மா, கொஞ்சம் மூச்சிளைப்பு உண்டு. ரெண்டு வருசத்துக்கு முன்ன டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அடுப்படியிலயே அடைஞ்சு கிடக்காதீங்கம்மா, காலையில ஒரு மணி நேரம் வெளிய காத்தாட உக்காருங்க, அதுவே பாதி மருந்துன்னாரு. எங்க வீட்டுக்குக் கடல் கூப்பிடு தூரம். வாசல்ல வேப்பமரம். எடம் இருக்கு, காத்து இருக்கு, உக்கார மட்டும் ஒண்ணும் இல்ல. வர்ற வழியிலயே அவ சொன்னா, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போடுங்க, தூக்கி வைக்க லேசா இருக்கும்னு.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. நான் உசுரோட இருக்கையில என் பெண்டாட்டி பிளாஸ்டிக் நாற்காலியில உக்காரவா? அது வெயில்ல ரெண்டு வருசம் கிடந்தா வெளுத்துப் போய், ஒரு நாள் உக்காருற ஆளோட பிளந்துக்கிட்டுப் போயிரும். இரும்புதான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

வாங்க ஒரு மாசம் அலைஞ்சேன் தம்பி. தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரை வரைக்கும் போய்ப் பாத்தேன். எங்க போனாலும் கடைக்காரன் முதுகுப் பக்கம் இருக்குற பூவேலையைத்தான் காட்டுவான். நான் நாற்காலியைக் கவுத்துப் போட்டுத்தான் பாப்பேன். நீங்களும் வாங்குனா அப்படித்தான் பாக்கணும், ஞாபகம் வச்சுக்கிடுங்க. விரலை மடக்கித் தட்டுங்க. டங்குன்னு காலியாக் கேட்டா உள்ள வெறும் குழாய். குழாய்க்குள்ள தண்ணி புகுந்தா வெளிய தெரியாது, உள்ளுக்குள்ளயே அரிச்சுக்கிட்டு வந்து ஒரு நாள் பொத்துன்னு விட்டுரும். வெல்டிங் வச்ச எடத்துல நகத்தால கீறிப் பாருங்க, ஓட்டை ஒடசல் இருந்தா அங்கதான் மொதல்ல துரு பிடிக்கும். உக்காருற தட்டுல தண்ணி வடிய துளை இருக்கான்னு பாருங்க. பவுடர் கோட்டிங்னு ஒண்ணு பளபளன்னு காட்டுவான். பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒரு எடத்துல சில்லு தெறிச்சிட்டா, அதுக்கு அடியிலயே துரு ஊர்ந்து ஊர்ந்து மொத்தத்தையும் தோலா உரிச்சிரும்.

கடைசியில மதுரையில ஒரு பழைய பட்டறையில கிடைச்சுது. குழாயே கிடையாது, எல்லாம் கட்டிக் கம்பி, சூட்டுல அடிச்சு வளைச்சது. நாலு நாற்காலி, ஒரு வட்ட மேசை. ஒரு நாற்காலியை நானே மூச்சைப் பிடிச்சுத்தான் தூக்கணும், அவளால இம்மிகூட நகட்ட முடியாது. அப்ப எவ்வளவு தரம்னு பாத்துக்கிடுங்க.

வண்டியிலேர்ந்து இறக்கும்போது வாசல்ல நின்னு பாத்தா. நாம ரெண்டு பேருதான இருக்கோம், நாலு எதுக்குன்னு கேட்டா. செட்டாத்தான் குடுப்பான்னு சொன்னேன். அவ அடுப்படிக்குப் போயிட்டா. அவ அதிகம் பேசுறவ இல்ல.

என்ன தம்பி, இருமுறீங்க? டீசல் வாசமா இருக்கும். இந்த வண்டிங்க எல்லாம் அப்படித்தான். ஜன்னல் பக்கம் வேணா மாறிக்கிடுதீங்களா? வேண்டாமா, சரி.

இரும்பை வாங்குறது பெருசில்ல, வச்சுக் காப்பாத்தணும். கடல் காத்துல என்ன வருதுன்னு நினைக்கீங்க? உப்புதான். ராத்திரி முச்சூடும் கண்ணுக்குத் தெரியாமப் படியும். அதனால காலையில மொதல் வேலை, நல்ல தண்ணி ஊத்திக் கழுவணும். கழுவுனா உடனே துடைக்கணும், மூட்டுல எல்லாம் துணியை விட்டு ஒத்தி எடுக்கணும். அப்புறம் வெயில்ல காய விடணும். இது முடிய எப்படியும் எட்டரை ஆயிரும். அவ உக்காருற நேரம் ஆறரைலேர்ந்து ஏழரை. அது ஒண்ணுதான் கொஞ்சம் இடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

தார்ப்பாயைப் போட்டு மூடலாமேம்பாங்க. மூடவே கூடாது. உள்ள வேர்த்து, திறந்து கிடக்குறதைவிட மோசமாயிரும். மெத்தை போடக் கூடாது, அது ஈரத்தைக் குடிச்சு வச்சுக்கிடும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு நாற்காலியாத் தேய்ச்சு, தின்னர் போட்டுத் துடைச்சு, அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ளயே ரெட் ஆக்சைடு பூசிரணும். வெறும் இரும்பை ஒரு ராத்திரி விட்டாப் போச்சு. ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது. நாலு நாற்காலியும் மேசையும் முடியுறதுக்குள்ள மொதல் நாற்காலியில துரு எட்டிப் பாத்திருக்கும். அதுக்குத்தான் சொன்னேனே, எனக்குச் சலிப்பு வராது.

அவ உக்காந்தாளான்னு கேக்கீங்க. உக்காந்தாளே. புரட்டாசியில ஒரு நாள் நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாரேன், காப்பித் தம்ளரோட உக்காந்திருக்கா. வேப்பமரத்து நிழல் மேல விழுந்து கிடக்கு. எனக்கு அவ்வளவு சந்தோசம், ஒளிக்காமச் சொல்லுதேன். அப்பத்தான் கவனிக்கேன், தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட உக்காந்திருக்கா, முடியிலேர்ந்து தண்ணி சொட்டுச் சொட்டா முதுகுக் கம்பியில இறங்குது. மெட்டில்டா, எந்திரி எந்திரின்னு ஓடுனேன். பயந்து போய்க் காப்பியைக் கீழ கொட்டிட்டா. அதுக்குப் பொறவு அவ வாசப்படியிலயே உக்காந்துக்கிட்டா. காப்பி கொட்டுன எடத்தைக் கழுவுறது ஒண்ணும் பெரிய வேலையில்லன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன்.

போன ஐப்பசியிலதான் கோளாறு. மழைன்னா மழை, விடவே இல்ல. அதுக்கு முன்ன முடிச்சிரலாம்னு அந்தத் தடவை நாலு நாற்காலியையும் ஒண்ணாச் சுரண்டி வெறும் இரும்பா வச்சிருக்கேன், மழை பிடிச்சுக்கிட்டுது. என்ன செய்ய? அத்தனையையும் முன்ரூமுக்குள்ள இழுத்துப் போட்டேன். சாரல் அடிக்காம ஜன்னலை எல்லாம் சாத்திட்டு, உள்ளயே பூச ஆரம்பிச்சேன். அவ பக்கத்து ரூம்ல படுத்திருந்தா. இருமல் இருந்துச்சு. மழைக்காலத்துல அவளுக்கு எப்பவும் உள்ளதுதான். ஜன்னலைக் கொஞ்சம் திறங்களேன்னு ரெண்டு தடவை கேட்டா. சாரல் பட்டா பெயிண்ட் கொப்புளிச்சிரும், இன்னும் ரெண்டே நாள் பொறுத்துக்கன்னு சொன்னேன். சேலைத் தலைப்பை மூக்குல வச்சுக்கிட்டுப் படுத்துக்கிட்டா.

நாலாம் நாள் காலையில பக்கத்து வீட்டு ஃப்ளோரா மீன் குழம்பு கொண்டு வந்தா. உள்ள போனவ, அண்ணே, அக்காவுக்கு உதடு நீலம் பாரிச்சிருக்கு, வாங்கண்ணேன்னு கத்துதா. நான் நாலாவது நாற்காலிக்கு ரெண்டாவது கோட்டு அடிச்சுக்கிட்டு இருக்கேன். பெயிண்ட் வேலை தெரிஞ்சவங்களுக்குப் புரியும் தம்பி, ஒரு கோட்டைப் பாதியில நிறுத்தக் கூடாது. நிறுத்துனா அந்த எடத்துல கோடு விழுந்துரும், அப்புறம் எத்தனை கோட்டு அடிச்சாலும் மறையாது. நீ ஆட்டோவுல கூட்டிட்டுப் போம்மா, நான் இந்தக் காலை முடிச்சிட்டுப் பின்னாலயே வாரேன்னேன். ஃப்ளோரா என்னை ஒரு பார்வை பாத்தா. அவளுக்கு இரும்பைப் பத்தி என்ன தெரியும்.

மூணு மணி நேரம்தான். மூணே மணி நேரத்துல ஆஸ்பத்திரியில நிக்கேன். கை பூராவும் வெள்ளை பெயிண்ட். நர்ஸம்மா என்னைப் படுக்கைப் பக்கமே விடல, போய்க் கழுவிட்டு வாங்கன்னு விரட்டுது. மெட்டில்டா மூக்குல மாஸ்க் போட்டுப் படுத்திருந்தா. என்னைப் பாத்துட்டு மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. வாடகை ஆட்டோ கிடைக்கல, மழைன்னு சொன்னேன். அது பொய்தான். ஆனா அந்த நேரத்துல வேற என்ன சொல்ல.

டாக்டர் வந்து, வீட்டுல பெயிண்ட் வேலை நடக்குதான்னு கேட்டாரு. லேசா ஒரு டச்சப்தான் சார்னேன். சீட்டுல ஏதோ எழுதுனாரு. அன்சி, அதான் என் மக, கோவில்பட்டியிலேர்ந்து ஓடி வந்தவ, அதை வாங்கிப் படிச்சிட்டு என்கிட்டக் காட்டாமப் பையில வச்சுக்கிட்டா. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. நீங்க உங்க நாற்காலிகளோட இருங்கப்பான்னா. கோபத்துல சொன்னது. பிள்ளைங்க சொல்லுறதை எல்லாம் மனசுல வச்சுக்கிட முடியுமா.

எட்டு மாசம் ஆச்சு தம்பி. நானே பொங்கி நானே சாப்பிடுதேன். நாற்காலி நாலும் வாசல்ல கண்ணாடி மாதிரி இருக்கு, உக்கார ஆள் இல்லாததால ஒரு கீறல் கிடையாது. சாயங்காலம் அதுக்கு முன்னால நின்னு பாப்பேன். எனக்கும் அதுல உக்காரத் தோணுறதில்ல. ஏன்னு தெரியல.

கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை போனேன். மக்ரூன், கருவாடு, ஒரு பட்டுச்சேலை எல்லாம் கொண்டு போனேன். மெட்டில்டா பொட்டலத்தை வாங்கிக்கிட்டா, சாப்பிட்டீங்களான்னு கேட்டா, உள்ள போயிட்டா. நானும் மருமகனும் சாயங்காலம் வரைக்கும் டிவியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். பொறவு பஸ் ஏறிட்டேன்.

போன வாரம் அவளே போன் போட்டா. எட்டு மாசத்துல அவளாப் போடுற மொத போன். மாதா கோயில் திருவிழாக் கொடியேத்தத்துக்கு வீட்டுக்கு வாரேன், வந்து கூட்டிட்டுப் போங்கன்னா. எனக்குக் கால் தரையில நிக்கல. ஆனா ஒண்ணு, வெறுங்கையோட வாங்க, கையில ஒண்ணுமே இருக்கக் கூடாது, எனக்கு உங்ககிட்டப் பேசணும்னா.

இதை எப்படி எடுத்துக்கிட சொல்லுங்க. யாரு வீட்டுக்குக் கிளம்பினாலும் எதுவும் கொண்டு வராதீங்கன்னுதான் சொல்லுவாங்க. அதைக் கேட்டுக்கிட்டு நாம வெறுங்கையை வீசிக்கிட்டுப் போயிருவோமா? அதுவும் மக வீடு. அதுவும் நான் கப்பல்காரன். எங்க தெருவுல ஒரு கப்பல்காரன் ஊருக்கு வாரான்னா மொதல்ல அவன் பெட்டியைத்தான் பாப்பாங்க. சோப்பு, சென்ட்டு, டார்ச் லைட்டு, டேப் ரெக்கார்டர், சேலைன்னு நான் பெட்டியில்லாம வந்ததே கிடையாது. ஒரு தடவை கம்பெனி பாதியிலயே இறக்கி விட்டுட்டான், கையில ஒண்ணுமில்ல. பம்பாயில இறங்கி, அங்க தெருவுல விக்கிற ஃபாரின் சோப்பை ஒரு பெட்டி நிறைய வாங்கிக்கிட்டுத்தான் ஊருக்கே வந்தேன். மெட்டில்டா ஒவ்வொண்ணா எடுத்து மோந்து பாத்து அடுக்கி வச்சா.

அதான் யோசிச்சேன். ஒரே ஒரு நாற்காலி. அன்சி வீட்டு வாசல்ல போட்டு, மெட்டில்டா, உக்காருன்னு சொல்லணும். தலை ஈரமா இருந்தாலும் உக்காரு, காப்பி கொட்டுனாலும் கொட்டட்டும்னு மக, மருமகன் முன்னாலயே சொல்லணும். அவ உக்காந்துட்டான்னா எல்லாம் சரியாப் போச்சு. நாற்காலி அங்கயே கிடக்கட்டும். கோவில்பட்டியில உப்புக் காத்து இல்ல, வருசத்துக்கு ஒரு கோட்டுப் போதும், அதுகூட நானே வந்து அடிச்சுக் குடுத்துருவேன். நாங்க ரெண்டு பேரும் கொடியேத்தத்துக்கு ஊருக்கு வந்துருவோம். அதுக்காகத்தான் முந்தாநாள் உக்காந்து புதுசா ஒரு கோட்டு அடிச்சேன். பழைய பெயிண்ட்டோட கொண்டு போனா மருமகன் என்ன நினைப்பாரு.

போன் அடிக்குது பாருங்க. அவதான். ஒரு நிமிசம்.

“சொல்லு மெட்டில்டா. எட்டயபுரம் எல்லாம் தாண்டியாச்சு, வந்துட்டேன். நீ ஏன் ஸ்டாப்புல வந்து நிக்கே, வெயிலு... சரி, சரி, மில் ஸ்டாப்புலயே இறங்குதேன். கையிலயா? கையில ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்லங்கேன்.”

யோவ் கண்டக்டரு, ஏன்யா இப்படிக் கத்துதீரு? நாற்காலிக்காரரே நாற்காலிக்காரரேன்னு... எனக்குத் தெரியாதா மில் ஸ்டாப்பு வரப் போவுதுன்னு? நகட்டுதேன்யா, நகட்டுதேன்.

“ஹலோ. இருக்கியா? ஒண்ணே ஒண்ணுதான் மெட்டில்டா. நாலும் இல்ல, ஒண்ணு. பெயிண்ட் எல்லாம் எப்பவோ காஞ்சிருச்சு, வாசமே கிடையாது. சத்தியமாச் சொல்லுதேன். நான் சொன்னா நம்ப மாட்டே, பக்கத்துல ஒரு தம்பி இருக்காரு, நல்ல மனுசன், தூத்துக்குடியிலேர்ந்து கூடவே வாராரு. அவருகிட்டயே கேளு.”

தம்பி, இந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க அவகிட்ட. பொய் சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்க. வாசம் அடிக்குதா இல்லையா, அவ்வளவுதான். பிடிங்க.

...

வச்சிட்டாளா?

உள்ளதையா சொல்லிட்டீங்க?

இல்ல இல்ல, உங்களைக் குத்தம் சொல்லல. நான்தான சொல்லச் சொன்னேன். நீங்க ஏறுனதுலேர்ந்து இருமுறீங்க, அது எதனாலன்னு எனக்குத் தெரியாமலா இருக்கு? எனக்கும் அடிக்குது தம்பி அந்த வாசம். முப்பத்தோரு வருசம் அதுக்குள்ளயே கிடந்தவனுக்கு அடிக்காதா. அன்னைக்கு முன்ரூம்லயும் அடிச்சுது.

அவ என்ன சொன்னா? அதை பஸ்ஸுலயே விட்டுட்டு அவரை மட்டும் இறங்கச் சொல்லுங்கன்னாளா? கோபமாச் சொன்னாளா? சாதாரணமாவா? கெஞ்சுற மாதிரியா... மெட்டில்டாவா? அவ யாருகிட்டயும் கெஞ்சுனதில்லையே தம்பி.

அந்தா நிக்கா. நீலச் சேலை. அன்சி வரல, தனியாத்தான் வந்திருக்கா. பாருங்க, இவ்வளவு புழுதியில நிக்கா, மூக்குல தலைப்பை வைக்கல. சதை போட்டிருக்கா. இறங்குற ஒவ்வொரு ஆளாப் பாக்கா.

கண்டக்டரு, நான் இங்க இறங்கல. விசிலடிங்க. பஸ் ஸ்டாண்டுல இறங்கிக்கிடுதேன். டிக்கெட் அது வரைக்கும்தான போட்டிருக்கீரு, அடிங்க.

போகட்டும் தம்பி. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து அரை மைல்தான், நடந்தே திரும்பி வந்துருவேன். இதைத் தூக்கிட்டு நடக்க முடியாது, எனக்குத் தெரியும். இதை இங்கயே விட்டுருதேன். யாரு வேணாலும் எடுத்துட்டுப் போகட்டும். என்ன பேசுறதுன்னு யோசிக்க எனக்கு அந்த அரை மைல் வேணும். வெறுங்கையோட வாங்கன்னா, வாரேன். ஆனா நான் வருசத்துக்கு ஒரு மாசம் வீட்டுல இருந்தவன். வந்த அன்னைக்குப் பெட்டியைத் திறப்போம், அதைப் பத்திப் பேசுவோம். ரிட்டயர் ஆகி வந்த பொறவு துருவைப் பத்திப் பேசுனேன். இதுல எதுவும் இல்லாம ஒரு நாளாவது அவகிட்டப் பேசியிருக்கேனான்னு ஏறுனதுலேர்ந்து யோசிக்கேன், ஒண்ணுகூட நினைவுக்கு வரல.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுல்லா? சாயங்காலம் வீட்டுக்குப் போறீங்க, கையில ஒண்ணுமில்ல, உங்க வீட்டம்மா எதுத்தாப்புல வந்து நிக்காங்க. மொதல்ல என்ன சொல்லுவீங்க? சிரிக்காதீங்க தம்பி, பஸ் ஸ்டாண்டு வரப் போவுது. மொத வார்த்தை என்ன, அதை மட்டும் சொல்லுங்க.